மனித மரபணுத்தொகுதியை, அதாவது மனிதனின் முழு டி.என்.ஏ.வையும், படித்து முடித்த பிறகும் எலி, பாம்பு, மீன் என்று மற்ற உயிரினங்களின் மரபணுத்தொகுதிகளையும் ஏன் படிக்கிறார்கள்? ஒப்பிட்டுப் பார்ப்பதால் என்ன பயன்?

ஒப்பிடாவிட்டால் நம்முடைய மரபணுத்தொகுதியே நமக்குப் பெரும்பாலும் விளங்காது. அதற்காகத்தான்.

மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், அதாவது ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் வேதிக் கூறுகள். அவற்றில் புரதம் செய்வதற்கான குறிப்பு இருப்பது ஒன்றரை சதவீத அளவில்தான். மீதியில் எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதை மனித டி.என்.ஏ.வை மட்டும் எத்தனை முறை வாசித்தாலும் சொல்ல முடியாது. எல்லாமே அதே நான்கு எழுத்துகள்தான்.

பக்கத்தில் எலியை வைத்துப் பாருங்கள். நமக்கும் எலிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 8 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் எழுத்துகள் சில மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரு பகுதி இரண்டு பக்கமும் மாறாமல் இருக்கிறது என்றால், அங்கே கைவைத்த மாற்றங்கள் நிலைக்கவில்லை, அந்தப் பகுதி உயிருக்கு அவசியம் என்று பொருள். மனிதன், எலி, எலியைவிடப் பெரிய உறவினமான ரேட் ஆகிய மூன்றிலும் ஓர் எழுத்துகூட மாறாத, 200 எழுத்துக்கு மேல் நீளமான 481 துண்டுகளை 2004இல் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பல, புரதத்துக்கான குறிப்பே இல்லாதவை. அந்தச் செய்தி இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். பாம்புக்குக் கால் எப்படிப் போயிற்று?

கருவில் கை கால் வளர ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணு வேலை செய்தாக வேண்டும். அதைக் கை கால் அரும்பும் இடத்தில் இயக்கி வைப்பது இன்னொரு துண்டு. பெயர் இசட்.ஆர்.எஸ். நீளம் 800 எழுத்து அளவில். வேடிக்கை என்னவென்றால், தான் இயக்கும் மரபணுவிலிருந்து அது கிட்டத்தட்ட 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களில் இந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம்.

பல முதுகெலும்பிகளில் இந்தத் துண்டை வரிசையாக ஒப்பிட்டபோது பாம்புகள் மட்டும் தனித்து நின்றன. மலைப்பாம்பில் துண்டு ஓரளவு மிஞ்சியிருக்கிறது. அதற்குப் பின்னங்கால் எச்சமாக இரண்டு சிறு முட்களும் உண்டு. விரியனிலும் நாகத்திலும் துண்டு மேலும் சிதைந்துவிட்டது. 2016இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் எலியின் இசட்.ஆர்.எஸ். துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்ற உயிரினங்களுடையதை வைத்துப் பார்த்தார்கள். மனிதனுடையதை வைத்தபோது எலிக்குக் கால்கள் ஒழுங்காக வளர்ந்தன. சீலகாந்த் என்ற பழமையான மீனுடையதை வைத்தபோதும் வளர்ந்தன. பாம்பினுடையதை வைத்தபோது வெறும் குட்டையான முளைகள்தான். பிறகு, பாம்பு இழந்திருந்த 17 எழுத்துகளை மலைப்பாம்பின் துண்டில் திரும்பச் சேர்த்தார்கள். எலிக்குக் கால் முழுமையாக வளர்ந்தது!

இந்த 17 எழுத்துகள் போனதால் மட்டுமே பாம்பு காலை இழந்தது என்று சொல்லிவிடக் கூடாது. வேறு மாற்றங்களும் சேர்ந்திருக்கும். சில, கால் போன பிறகு, காக்கவேண்டிய தேவை இல்லாததால் ஏற்பட்டவையாகவும் இருக்கலாம். ஆனால் பெரிய உண்மை ஒன்று இங்கே தெளிவாகத் தெரிகிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவே கெட்டால் மூளையும் முகமும் சரியாக உருவாகாமல் உயிரே பிழைக்காது. அதைக் காலில் மட்டும் இயக்கும் துண்டு கெட்டால், கால் மட்டும் போகும், உயிர் நிற்கும். உடலின் உருவம் பரிணாமத்தில் மாறும் வழிகளில் முக்கியமான ஒன்று இதுதான்: கருவி அப்படியே இருக்கும், அது எங்கே, எப்போது வேலை செய்வது என்பது மாறும். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடிய எழுத்துகளில் வித்தியாசம் 1.2 சதவீத அளவுதான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த எழுத்து, எந்த இடத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதே முறையில் உடைந்துபோன மரபணுக்களையும் தேடலாம். எலி, நாய், ஆடு எல்லாம் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சியிலும் மற்றக் குரங்குகளிலும் அதே நிலை. குரங்குகளுக்குத் தூரத்து உறவான, மடகாஸ்கர் தீவில் வாழும் லெமூர்களில் அது நன்றாக இருக்கிறது. ஆகவே லெமூர் கிளை பிரிந்த பிறகு, நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான ஒரு மூதாதையில்தான் அது கெட்டிருக்க வேண்டும். கினிப் பன்றியிலும் அந்த மரபணு கெட்டிருக்கிறது, ஆனால் தனியாக, வேறு விதமாக. 1907இல் நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானிய உணவு கொடுத்தபோது, வைட்டமின் சி குறைவதால் வரும், கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. அந்த நோயை ஆய்வகத்தில் ஆராயும் வழி அப்போதுதான் திறந்தது. அவர்கள் எலியை எடுத்திருந்தால் அதற்கு ஸ்கர்வி வந்திருக்காது.