இட்லியை நிறுத்தினால் குடல் ஈஸ்ட் அடங்குமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 61. மழைக்காலத்தில் வந்த நெஞ்சுச் சளிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். அது முதல் எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்புகிறது. நாக்கிலும் வெள்ளையாகப் படிகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள், குடலில் ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகிவிட்டது என்று சொல்லி ஓர் உணவுப் பட்டியல் அனுப்பினாள். அதன்படி சோறு, இட்லி, தோசை, தயிர், பழம், சர்க்கரை அனைத்தையும் ஆறு வாரமாக நிறுத்திவிட்டு, காயும் பயறும் முட்டையுமாகச் சாப்பிட்டு வருகிறேன். ஐந்து கிலோ குறைந்துவிட்டது. உப்புசம் பாதிதான் குறைந்திருக்கிறது. பல்செட் போட்டிருக்கிறேன். வயதாகிவிட்டதால் இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அடுத்த மாதம் பேத்திக்குக் கல்யாணம். இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்க வேண்டும்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு வணக்கம். இரவில் எழுந்திருப்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். நாக்கில் வெள்ளைப் படிவு, எடைக் குறைவு, இரவில் அடிக்கடி சிறுநீர் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரையை. இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். முதலாவது 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, இரண்டாவது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்கிறோம். ஆறு வாரமாகச் சோறே சாப்பிடாததால் வெறும் வயிற்று அளவு குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே இரண்டாவது பரிசோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கேண்டிடா என்னும் ஈஸ்ட், நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் இயல்பாகவே குடியிருப்பது. அதை அளவோடு அடக்கி வைப்பவை நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள். ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்து அழிக்கும்போது ஈஸ்ட்டுக்கு இடம் கிடைக்கிறது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்து, நீண்ட நாள் சாப்பிடும் அமிலக் குறைப்பு மாத்திரை ஆகியவையும் அதற்குத் துணை போகும். சிறுகுடலில் உண்மையாகவே அது பெருகியிருக்கிறதா என்பதை, குழாய் விட்டு அங்கிருக்கும் நீரை எடுத்து வளர்த்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். மலத்தில் ஈஸ்ட் இருப்பது மட்டும் நோய்க்குச் சான்றாகாது. காலையில் தம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்க்கச் சொல்லும் சோதனைக்கோ எந்த மதிப்பும் கிடையாது.

இத்தகைய உணவுப் பட்டியல்கள் 1980-களில் அமெரிக்காவில் பரவியவை. சோர்வு முதல் மனச்சோர்வு வரை எல்லாவற்றுக்கும் ஈஸ்ட்டே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆனால் அவ்வாறு நம்பப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்டைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தையே கொடுத்துப் பார்த்து 1990-இல் வெளியான ஆய்வில், உடல் முழுவதும் இருந்த அந்தத் தொல்லைகளைப் பொறுத்தவரை, மருந்தில்லாத மாத்திரையைவிட அது கூடுதலாக உதவவில்லை. உங்கள் மகள் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குடல் பாக்டீரியா மீண்டும் தழைக்க வேண்டிய நேரத்தில் தானியத்தையும் பழத்தையும் மொத்தமாக நிறுத்துவது, அவற்றுக்கு வேண்டிய நார்ச்சத்தைக் குறைத்துவிடுகிறது.

இட்லி, தோசையை அஞ்ச வேண்டாம். மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு. ஆவியில் வெந்த இட்லியில் உங்கள் குடலில் போய்ப் பெருகும் கேண்டிடா எதுவும் இல்லை. வீட்டில் உறை குத்திய தயிரையும், கடைந்து நீர் விட்ட மோரையும் மீண்டும் தொடங்குங்கள். உப்புசம் பாதியில் நின்றதற்குப் பயறே காரணமாக இருக்கலாம். மொச்சையும் தட்டைப்பயறும் யாருக்கும் வாயுவைத் தரக்கூடியவை. இரண்டு வாரம் அவற்றைக் குறைத்து, பாசிப்பருப்போடு நிறுத்திப் பாருங்கள்.

சர்க்கரையை விட்டதை மட்டும் அப்படியே தொடரச் சொல்வேன். இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். கவுனி அரிசி கறுப்பு அரிசிதானே, உடம்புக்கு நல்லதுதானே என்று நம் பக்கத்தில் பலரும் சர்க்கரை நோயாளிகளுக்கே பரிமாறுகிறார்கள். தவிட்டோடு கூடிய நல்ல அரிசிதான் அது; ஆனால் குழைய வேக வைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறி இலையில் வைக்கும்போது அது இனிப்புப் பலகாரம். கந்தரப்பத்துக்கும் பால் பணியாரத்துக்கும் இதே கணக்குத்தான்.

நாக்கின் வெண்மைக்குப் பல்செட்டைப் பாருங்கள். இரவில் கழற்றி, அண்ணத்தில் பதியும் அடிப்பக்கத்தை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வழவழப்புப் போகும்வரை கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈஸ்ட் அந்தப் பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். நாக்குக்கு மட்டும் மருந்து போட்டால் சில நாளில் திரும்பவும் வந்துவிடும். நெஞ்சுச் சளிக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

பூண்டிலும் தேங்காய் எண்ணெயிலும் உள்ள பொருள்கள் சோதனைக் குழாயில் ஈஸ்ட்டை அடக்குகின்றன என்பது உண்மை. குடலிலும் அவ்வாறே செய்யும் என்று நிறுவப்படவில்லை. பூண்டுக் குழம்பை ருசிக்காகச் சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு வேண்டாம். ஈஸ்ட்டைக் கொல்லும் ஃப்ளூகோனசோல் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது அதைவிடத் தவறு. அது சில நீரிழிவு மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும், இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரினின் வேகத்தையும் கூட்டிவிடும்.

விழுங்கும்போது வலி, மலத்தில் இரத்தம், இரவிலும் எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, சாப்பாட்டைப் பழையபடி ஆக்கிய பிறகும் எடை இறங்கினாலோ, கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். நாளைக் காலை இரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிடுங்கள்; மதியம் ஒரு கிண்ணம் சோறு, காய் இரண்டு பங்கு, மோர். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். பேத்தி கல்யாணப் பந்தியில் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.