பொய் மணிகளும் ஒரு நோட்டும்

கேள்வி: எனக்கு 28 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. கணினி அறிவியல் படித்தேன். ஐந்து ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்ட் வேலை. மாதம் 58,000 ரூபாய் சம்பளம். திரையில் வரும் எச்சரிக்கை உண்மையா பொய்யா என்று பார்த்து அதற்கான டிக்கெட்டை (பதிவை) மூடுவதுதான் பணி. இதே துறையில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக ஆசைப்படுகிறேன். "இந்த வயதில் படிப்பா? கல்யாணம் எப்போது?" என்கிறார் அப்பா. இரண்டு சர்வதேசச் சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். அவை உதவுமா? வயது தடையா? (எந்த எச்சரிக்கை ஏன் பொய்யாக அடித்தது என்று இரவு ஷிஃப்டில் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அதைத் தவிர ஆராய்ச்சி அனுபவம் எதுவும் இல்லை.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் முக்கியமான செய்தியை அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்துவிட்டீர்கள். சான்றிதழ், வயது, அப்பா எல்லாம் பிறகு. முதலில் அந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் வேலையைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் பத்து லட்சம் நிகழ்வுகள் உங்கள் கருவியைக் கடந்து போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உண்மையான தாக்குதல் இருபது. இருபதையும் கருவி தவறாமல் பிடித்துவிடுகிறது. நல்ல கருவிதான், ஆயிரத்தில் ஒரு முறை மட்டும் ஒன்றுமில்லாததற்கு மணியடிக்கிறது. கேட்க அற்பமான பிழை. ஆனால் பத்து லட்சத்துக்கு அது ஆயிரம் பொய் மணி. 51 முறை மணி அடித்தால் ஒரு முறைதான் திருடன் வந்திருக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு ஐம்பது பொய்களைப் பார்த்துச் சலித்த கண்தான் அந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். இதை உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999இல் இந்த வகைக் கணக்கைத்தான் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். உள்ளே இருப்பது கல்லூரி முதலாண்டு நிகழ்தகவு. ஆனாலும் ஊடுருவல் கண்டறிதலில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இன்னொரு வழியில் போனது. மானிடவியலாளர் ஒரு கிராமத்தில் தங்கிக் குறிப்பெடுப்பதுபோல, தங்கள் ஆய்வு மாணவர்களையே உங்களுடையதைப் போன்ற மையங்களில் வேலைக்கு அனுப்பிக் குறிப்பெடுக்கவைத்தது. அங்கே வேலை செய்பவர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள் என்பதுதான் 2015இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் பொருள். அந்த மாணவர்கள் தேடிப்போன இடத்தில் நீங்கள் ஐந்து ஆண்டுகளாகச் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை, இது பொய் மணி அல்ல. நோட்டில் வாடிக்கையாளர் பெயரோ, கணினி முகவரியோ, பதிவுகளிலிருந்து எடுத்த வரிகளோ இருந்தால் அவை உங்கள் சொத்து இல்லை. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவற்றை வெளியே கொண்டுவராதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகளை ஒரு முறை படித்துவிடுங்கள். 66இன்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆராய்ச்சிக்காகச் செய்தேன் என்பவருக்கு அதில் தனிச் சலுகை கிடையாது. உங்களுக்குத் தோன்றிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். தரவு வேறு இடத்தில் கிடைக்கும்.

வயது தடையில்லை. முப்பதைத் தாண்டிச் சேர்ந்தவர்கள் என்னிடமே படித்திருக்கிறார்கள். இருபத்திரண்டில் வந்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே அழுதார்கள். சான்றிதழ்கள் வேலைச் சந்தையில் காசு பெறும், ஆராய்ச்சிச் சேர்க்கையில் பெரிதாக எடுபடாது. அங்கே முதலில் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணையும் பிறகு நேர்முகத்தையும்தான் பார்ப்பார்கள். நேர்முகத்தில் ஆட்டோமேட்டா, அல்காரிதம், நிகழ்தகவு என்று அடிப்படையைக் கிளறுவார்கள். ஐந்து ஆண்டுத் துரு ஏறியிருக்கும், தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

பி.இ. மட்டும் முடித்தவருக்குச் சென்னை ஐஐடியின் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு ஒரு நல்ல நுழைவாயில். உள்ளே போய், ஒத்துவந்தால் பிஎச்.டி.க்கு மாற்றிக்கொள்ளலாம், ஒத்துவராவிட்டால் பட்டத்தோடு வெளியே வரலாம். வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்யவும் வழி உண்டு. ஆனால் ஷிஃப்ட் வேலையோடு ஆராய்ச்சியா? நான் பார்த்தவரை இரண்டில் ஒன்று தூங்கிவிடுகிறது.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பிஎச்.டி.க்கான மத்திய அரசு உதவித்தொகை 2023 ஜனவரியில் உயர்ந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். அதாவது தொடக்கத்தில் மாதம் 21,000 குறையும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு இந்தக் கதைதான். எல்லாம் முடிந்து அரசு விகிதப்படி உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. படிகள் தனி என்றாலும், உங்கள் இன்றைய சம்பளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த எண்ணைப் பார்த்து நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். ஐஐடிகளில் இதைவிட அதிகம், இடம்தான் குறைவு. தனியார் பொறியியல் கல்லூரிகளில் பலவற்றில் இதுகூடக் கிடைக்காது. நான் சில காலம் இருந்த ஒரு கல்லூரியில் மே மாதம் வந்தால் ஆசிரியர்களை ஊர் ஊராக மாணவர் சேர்க்கைக்கு அனுப்புவார்கள். குறியாக்கவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் கையில் நோட்டீஸ் கட்டோடு ஒரு பஸ் நிலையத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

இதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால், கல்லூரியின் பெயரைவிட, ஆராய்ச்சியை வழிநடத்தும் நெறியாளரைப் பார்த்துச் சேருங்கள். கணினித் துறையில், குறிப்பாகப் பாதுகாப்பில், சிறந்த ஆய்வுகள் மாநாடுகளில்தான் முதலில் வருகின்றன. ஐஇஇஇயின் பாதுகாப்பு, தனியுரிமை மாநாடு (1980 முதல் நடக்கிறது), யூஸ்நிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ் ஆகிய நான்கு மாநாடுகளையும்தான் உலகம் கவனிக்கிறது. நம் ஊர்ப் பதவி உயர்வு விதிகளோ ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணிப் பழகியவை. இந்த இடைவெளியில்தான் பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிடும் இதழ்கள் பிழைக்கின்றன. ஒரு நெறியாளர் ஆண்டுக்கு நாற்பது கட்டுரை என்று பெருமையடித்தால், தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அவரிடம் படித்து முடித்த மாணவர்கள் இருவரைத் தேடிப்பிடித்து, எத்தனை ஆண்டு ஆனது, வாரத்துக்கு எத்தனை முறை அவரைப் பார்க்க முடிந்தது என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். அவர் கேட்பது கல்யாணத்தை என்றாலும், பயப்படுவது வருமானத்தை என்று நினைக்கிறேன். மேலே சொன்ன எண்களை ஒரு தாளில் எழுதி, மாத வாரியாக வீட்டுச் செலவோடு அவர் முன்னால் வையுங்கள். கல்யாணம் செய்துகொண்டு ஆராய்ச்சியை முடித்தவர்கள் ஏராளம்; வரப்போகிறவருக்கு இந்த 37,000 முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

கேட் தேர்வு பிப்ரவரியில் வரும். அதற்குள் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் நோட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அது ஏன் இன்னும் தீரவில்லை, நீங்கள் எப்படி அணுகுவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நெறியாளர்களுக்கு அனுப்ப வேண்டியது அதுதான். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன். இரண்டாம் பக்கம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.