வாசகர் கேள்வி – பதில்: இமேஜ் இருந்தும் இயங்காத கணினி

கேள்வி: என் கணினியின் சி டிரைவை ஆறு மாதங்களுக்கு முன் டிஸ்க் இமேஜாக (அதில் உள்ள அனைத்தையும் அப்படியே பதிந்த நகலாக) எடுத்து, வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். அண்மையில் கணினியின் ஹார்ட் டிஸ்க் முற்றிலும் பழுதாகிவிட்டதால், புதியதை மாட்டி இமேஜை அதில் ரீஸ்டோர் செய்தேன். பிழை எதுவும் காட்டாமல் வேலை முடிந்தது; ஆனால் விண்டோஸ் தொடங்கவில்லை. இமேஜ் கெட்டுவிட்டதா?

பதில்: ரீஸ்டோர் பிழையின்றி முடிந்திருப்பதால் இமேஜ் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவசரப்பட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

விண்டோஸின் கோப்புகள் சி டிரைவில் இருந்தாலும், கணினியை ஆன் செய்ததும் முதலில் தேடப்படுபவை அவை அல்ல. யுஇஎஃப்ஐ (புதிய கணினிகளை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) முறையில் தொடங்கும் கணினிகளில், விண்டோஸைத் தொடங்கி வைக்கும் நிரல் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது; சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும் இப்பகுதிக்கு டிரைவ் எழுத்து தரப்படாததால் அது நம் கண்ணில் படுவதேயில்லை. எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணையும் சி டிரைவுக்கு வெளியேதான் இருக்கிறது. பழைய எம்பிஆர் முறையில் அது டிஸ்கின் முதல் 512 பைட்டுகளுக்குள் அடங்கியிருந்தது. ஜிபிடி முறையில் டிஸ்கின் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் அதன் நகல் ஒன்றுமாக எழுதப்படுகிறது. நீங்கள் சி டிரைவை மட்டும் எடுத்ததால் இவை எவையும் உங்கள் இமேஜில் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியும். புதிய டிஸ்கை ஜிபிடி முறைக்கு மாற்றி, ஃபேட்32 வடிவில் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்கி, மீதி இடத்தில் இமேஜை மீண்டும் ரீஸ்டோர் செய்யுங்கள். பின்பு விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, கட்டளைச் சாளரத்தில் பிசிடிபூட் கட்டளையை இயக்கினால், தொடக்கக் கோப்புகள் அந்தச் சிறு பார்ட்டிஷனில் புதிதாக எழுதப்படும்.

அடுத்த முறை முழு டிஸ்கையும் இமேஜாக எடுங்கள். குளோன்சில்லா போன்ற மென்பொருள்கள் தமக்குத் தெரிந்த கோப்பு முறைமைகளில் தரவு உள்ள பகுதிகளை மட்டுமே நகலெடுப்பதால், முழு டிஸ்க் என்றாலும் இமேஜின் அளவு அஞ்சுமளவுக்குப் பெருகாது. பென்டிரைவிலிருந்து அவற்றை இயக்கும் முன் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்போது ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கிறது, அந்நிலையில் எடுக்கும் நகலை நம்ப முடியாது. எடுத்து முடித்ததும் மென்பொருளின் சரிபார்ப்பு வசதியால் சோதித்துவிட்டு, முடிந்தால் உபரியாக உள்ள வேறொரு டிஸ்கில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து கணினி தொடங்குகிறதா என்றும் பாருங்கள். பலரும் தவிர்க்கும் வேலை இதுதான். உங்களுக்கு நேர்ந்த குறை இந்தச் சோதனையில் ஆறு மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கில் 120 ஜிகாபைட் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அதன் இமேஜை 500 ஜிகாபைட் எஸ்எஸ்டியில் ரீஸ்டோர் செய்ய முயன்றால், இடம் போதாது என்கிறதே?

பதில்: மென்பொருள் பார்ப்பது தரவின் அளவை அல்ல, பார்ட்டிஷனின் எல்லையை. பழைய டிஸ்கிலேயே, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகப் பெரிய பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். கடைசிப் பார்ட்டிஷன் முடியும் இடம் எஸ்எஸ்டியின் அளவுக்குள் வந்த பிறகு புதிதாக இமேஜ் எடுங்கள். குளோன்சில்லாவில் ரீஸ்டோர் செய்வதாயின், இலக்கு டிஸ்கின் அளவை முன்கூட்டியே சரிபார்க்கும் விருப்பத்தையும் நீக்க வேண்டியிருக்கும். ரீஸ்டோர் முடிந்து எஸ்எஸ்டியிலிருந்து முதன்முறை தொடங்கும்போது, பழைய டிஸ்கைக் கழற்றி வைத்திருங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், ஒன்றாக இணைத்தால் விண்டோஸ் அவற்றுள் ஒன்றை ஆஃப்லைன் நிலைக்குத் தள்ளிவிடும்.