கடலூர், புதுச்சேரிக் கடல் வரலாற்றை இணையத்தில் தேட எங்கே தொடங்குவது?

கேள்வி: கடலூர், புதுச்சேரி, பறங்கிப்பேட்டைக் கரைகளுக்கு வந்துபோன பழைய கப்பல்களைப் பற்றி வீட்டிலிருந்தபடியே ஆராய முடியுமா? எந்த இணையக் காப்பகங்களைப் பார்க்கலாம்?

முடியும். பத்து ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன். கடலூர் முதுநகரில் பிறந்தவன் நான். என் தாத்தா இங்குள்ள துறைமுகத்தில் தோணியில் போய்ச் சரக்கு இறக்கியவர். "கப்பல் கரைக்கு வராது, நாம்தான் அதனிடம் போகவேண்டும்" என்பார். காப்பகங்களில் தேடும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நம் ஊர்ப் பெயர்களை வந்தவர்கள் எப்படியெல்லாம் எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடலூரைப் பிரெஞ்சுக்காரர் 'கொந்தலூர்' என்றும் 'கூதலூர்' என்றும் 'ஜி' எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். இன்றைய ஆங்கில எழுத்தில் தேடினால் அவை கண்ணில் படாது. கடலூரை ஒட்டி, ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த தேவனாம்பட்டினம் 'தெகெனபட்டணம்' ஆகிவிட்டது. 'டி' (T) எழுத்தில் தேட வேண்டும். ஆட்பெயரும் அப்படித்தான். பிள்ளை என்பது பிரெஞ்சுப் பதிவுகளில் 'புல்லே'. இது தெரியாமல் முதல் ஆறு மாதம் எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

அடுத்து நாட்காட்டி. இதை ஒரு நிகழ்ச்சியை வைத்தே சொல்கிறேன். 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே பெரும்புயல் அடித்தது. முந்தைய ஆண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் அப்போது கரையில் இருந்தார். அவருடைய தலைமைக் கப்பலான 'நமூர்' மூழ்கி 500 பேருக்கு மேல் இறந்தார்கள். 'பெம்புரோக்' என்ற போர்க்கப்பலும் அதே புயலில் தெற்கே கொள்ளிட முகப்பக்கம் உடைந்தது. ஆங்கிலேயர் எழுதியதில் இது ஏப்ரல் 13, 14. பிரெஞ்சுக் காகிதங்களில் அந்தத் தேதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். புயலின் சுவடே இல்லை. பிறகுதான் புரிந்தது: ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் அவர்களைவிடப் பதினொரு நாள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயரின் 13 பிரெஞ்சுக்காரருக்கு 24. நமக்கோ அது சுக்கில வருஷத்துச் சித்திரை மாதம். ஒரே காற்றுக்கு மூன்று தேதி! நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி வையுங்கள்.

இனிக் காப்பகங்கள். ஆங்கிலேயர் பக்கத்துக்கு, சென்னை ஆவணக் காப்பகம் முன்பு அச்சிட்ட புனித ஜார்ஜ் கோட்டை, புனித டேவிட் கோட்டைப் பதிவுத் தொகுதிகளில் பல 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்ததால் 1746 முதல் 1752 வரை இந்தக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினம்தான். அந்த ஆண்டுகளுக்கு இங்கிருந்து போன எழுத்தே முதன்மை ஆவணம். போர்க்கப்பல்களுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் கப்பல் பெயரைத் தேடுங்கள். பட்டியல் இலவசம், ஆனால் பெரும்பாலான ஏடுகளின் படங்கள் இணையத்தில் இல்லை, பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். கப்பல் தொலைந்தால் தப்பிய அதிகாரிகளை ராணுவ நீதிமன்றத்தில் விசாரிப்பது அவர்கள் வழக்கம். ஆகவே மூழ்கிய கப்பல் என்று கைவிட்டுவிடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரர் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, பிரான்சின் பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் 'மெமுவார் தெ ஓம்' தளம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் ஆள்பட்டியல்கள் அதில் உள்ளன. லோரியான் துறைமுகத்தில் ஏறியவன் யார், என்ன வேலை, வழியில் இறந்தானா, ஓடிப்போனானா என்றெல்லாம் ஒரே வரியில் இருக்கும். முதல் நாள் விடிய விடிய அதைப் படித்தேன். வரைபடங்களுக்கும் அச்சு நூல்களுக்கும் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா'. குடும்ப வேர் தேடுகிறவர்களுக்கு பிரான்சின் எக்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படமாக ஏற்றியிருக்கிறது. 1853 மே மாதம் 'ஓரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து மார்த்தினிக் தீவுக்குக் கூலி ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. அங்கே இன்று வாழும் அவர்கள் வழிவந்தவர்களும் தேடி வருவது இந்தப் பதிவேடுகளைத்தான்.

1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர் கையில் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளைப் பாரீசில் மட்டும் தேடினால் போதாது, ஹேக் நகரத்தில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே டச்சுக் கப்பல்கள் சென்றுவந்த சுமார் 8,000 பயணங்களை ஹாய்கன்ஸ் நிறுவனம் தனித் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. 'குளோபலைஸ்' என்ற திட்டத்தில் டச்சுக் கம்பெனியின் கையெழுத்துப் பக்கங்கள் சுமார் 50 லட்சத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கியிருக்கிறது. டச்சு தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயரைத் தட்டிப் பக்கத்தை எட்டிவிடலாம்.

இவ்வளவிலும் நம் ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கும் அதே ஏக்கம் இருந்தது. தலைவர்கள், தளபதிகள், சரக்கு, பீரங்கி என்றே பக்கங்கள் ஓடும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒரு பெரிய ஆறுதல்: எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை என்று தமிழிலேயே எழுதி வைத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பின் பன்னிரண்டு தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் கூலிக்குத் துடுப்புப் போட்டவர்களைத் தேட எனக்கு உதவியது ஒரே சொல்: சலங்கு. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்துகொடுக்கும், உடையாது. புதுச்சேரியில் அன்று கப்பல் அணையும் துறை இல்லை; நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளும் பொன்னும் துணிப் பொதியும் இதில்தான் கரை ஏறின. பிரெஞ்சுக்காரர் அதை 'ஷெலேங்க்' என்றே எழுதினார்கள். காலிகாவில் அந்தச் சொல்லைத் தட்டியபோது, பெயர் இல்லாவிட்டாலும், நம் படகுக்காரர்கள் வரிக்கு வரி வந்து நின்றார்கள். என் தாத்தாவின் தொழில் அது.

நீங்கள் பறங்கிப்பேட்டையையும் கேட்டிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஆவணங்களில் பெரும்பாலும் அது 'போர்ட்டோ நோவோ'. குளோபலைஸில் முதலில் அதைச் சேர்த்து ஒரே சொல்லாகவும், பிறகு பிரித்து இரண்டு சொல்லாகவும் தட்டிப் பாருங்கள்.