"பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் ஆன்ட்டி"னு சொல்றவங்ககூட நம்ம பொண்ணை ட்ரெக்கிங் அனுப்பலாமா?

திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம். இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ்ல ரெண்டு நாள் மலை ட்ரெக், காட்டுக்குள்ள டென்ட், நாப்பது பேர் குரூப், தலைக்கு 2,200 ரூபாய், பாதிய ஜீபே பண்ணா சீட் கன்ஃபார்ம்னு போட்டிருக்காங்க. அனுமதி பத்தி கேட்டா தலைப்புல இருக்கற பதில்தான் வந்திருக்கு. பொண்ணுக்கு டென்ட் போட, மேப் பாத்து நடக்க, காட்டுல பத்திரமா இருக்க கத்துக்கணும்னு ரொம்ப ஆசையாம், தடுக்கவும் மனசு வரல, அனுப்பவும் பயமா இருக்குங்கறாங்க.

நேரா சொல்லிடறேன்மா. இந்த ட்ரிப்புக்கு அனுப்பாதீங்க. ஆனா அவ ஆசைக்கு அணை போடாதீங்க, அதுக்கு நல்ல வழி இருக்கு, கடைசில சொல்றேன்.

முதல்ல அந்த பர்மிஷன் விஷயம். நிறைய பேர் இதை ஏதோ சட்டம், ஃபைன் சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் நினைக்கறாங்க. சட்டமும் இருக்கு, ரிசர்வ் ஃபாரஸ்ட்ல, சரணாலயத்துல அனுமதி இல்லாம நுழையறது குற்றம்தான். ஆனா ஒரு அம்மாவா நீங்க பாக்க வேண்டியது வேற. எழுத்துல அனுமதி இருந்தா, இன்னிக்கு இந்த வழில இத்தனை பேர் உள்ள போயிருக்காங்க, இத்தனை மணிக்குள்ள வெளிய வரணும்னு காட்டுக்கு வெளிய இருக்கற ஒரு ரேஞ்சருக்கும் ஒரு வாட்சருக்கும் தெரியும். ஆறு மணி ஆகியும் வரலைன்னா அவங்க தேட ஆரம்பிப்பாங்க. அனுமதி இல்லாம போன குரூப்பை யாரும் தேட மாட்டாங்க, ஏன்னா அவங்க உள்ள இருக்கறதே யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம், கால் உடைஞ்சாகூட அந்த ஆர்கனைசர் ஃபாரஸ்ட்டுக்கு போன் பண்ண தயங்குவான், மாட்டிக்குவோம்னு. அந்த தயக்கத்துல போற ரெண்டு மணி நேரம்தான் உயிர எடுக்கும்.

குரங்கணி ஞாபகம் இருக்கா? 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். கொழுக்குமலைல இருந்து குரங்கணிக்கு எறங்கிட்டு இருந்த குரூப் காட்டுத்தீல மாட்டி இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க, பாதிக்கு மேல சின்ன வயசுப் பசங்க, பொண்ணுங்க. அனுமதி வாங்கின வழி வேற, போன வழி வேறன்னு அப்ப அதிகாரிங்க சொன்னாங்க. அந்த இடத்தோட அமைப்பப் பாருங்க, கொழுக்குமலை உச்சிக்கு கேரளாப் பக்கம் சூரியநெல்லில இருந்து ஜீப்பே போகும், டீ எஸ்டேட். அதனால மேல போறவங்களுக்கு காட்டுக்குள்ள வந்த மாதிரியே தோணாது. ஆனா தமிழ்நாட்டுப் பக்கம் கீழ எறங்கற சரிவு காடு, மார்ச் மாசத்துல இடுப்பளவு காஞ்ச புல்லு. தீ சமதளத்துல போறதைவிட மேட்டுல பல மடங்கு வேகமா ஏறும், ஏன்னா கீழ எரியற அனலு மேல இருக்கற புல்ல முன்னாடியே காயவெச்சிடும். கீழ தீ, மேல செங்குத்து, பக்கத்துல பாறை, நடுவுல அந்த ஊருக்கே புதுசா வந்த ஆளுங்க. எந்தப் பக்கம் ஓடணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அது வேற மாதிரி போயிருக்கலாம். காட்டுத்தீல பொதுவா கீழ இருந்து வர்ற தீக்கு முன்னாடி மேல ஓடக்கூடாது, புல்லே இல்லாத பாறைக்கோ ஏற்கனவே எரிஞ்சு கருகின எடத்துக்கோ பக்கவாட்டுல ஒதுங்கணும். இதை முன்னாடியே சொல்லித்தராத லீடர் லீடரே இல்ல.

இதுக்கப்புறம் 2018லயே ட்ரெக்கிங்குக்கு தனி விதிமுறை வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே "ட்ரெக் தமிழ்நாடு"ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, 14 மாவட்டத்துல 40 ரூட், ஆன்லைன்ல நாமளே புக் பண்ணலாம், மலை கிராமத்துப் பசங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து கைடா அனுப்பறாங்க. ஈஸி ரூட்டும் இருக்கு, வெள்ளியங்கிரி மாதிரி கஷ்டமானதும் இருக்கு. நல்ல விஷயம், பாராட்டறேன். ஆனா அந்த லிஸ்ட்டுல இல்லாத ஒரு வழிக்கு முறையா அனுமதி கேட்டு ஒரு தடவை அலைஞ்சு பாருங்க, லெட்டர் குடுங்க, மாவட்ட வன அலுவலர், அதாவது டிஎஃப்ஓ ஆபீஸ் போங்க, ஐயா மீட்டிங்ல இருக்காரு, அடுத்த வாரம் வாங்க, அந்த ஃபார்ம் மாறிடுச்சு, இது வேற ரேஞ்ச், வேற வனச்சரகம்னு. முறையா கேக்கறவன நாயா அலைய விட்டா புரோக்கர்தான் வளருவான், வளர்ந்துட்டான். நாப்பது பேரை ஒரே லைன்ல கூட்டிட்டுப் போற பேஜுங்க எல்லாம் அந்த ஓட்டைலதான் பொழைக்கறாங்க.

இப்ப இதுல ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை வெச்சுதான் நிறைய பேர் ஏமாத்தறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்லணும். கோயில் மலை. கோயமுத்தூர் பக்கத்துல வெள்ளியங்கிரி, ஏழு மலை ஏறி சாமி பாக்கறாங்க. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் பக்தர்களுக்கு பூண்டி கோயில் வழியா விடுவாங்க, அந்த சீசன்ல போறவங்க ட்ரெக்கிங் பர்மிட்னு தனியா வாங்கறதில்ல. இதை வெச்சுக்கிட்டு "கோயில் மலைதானே, பர்மிஷன் எதுக்கு"னு ஆகஸ்ட்லயும் நவம்பர்லயும் ஆள் சேக்கறாங்க. சீசன் முடிஞ்சா பக்தர் வழி மூடிடும், அவ்வளவுதான். சீசன்லகூட அந்த ஏத்தம் விளையாட்டில்ல, நெஞ்சுவலி வந்து எறந்துபோறவங்க செய்தி வருஷா வருஷம் வருது, பிபி, ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம போகவே கூடாது. சதுரகிரியும் இப்படித்தான், எந்த நாள் விடுவாங்க, எத்தனை மணி வரைக்கும்ங்கற விதி அடிக்கடி மாறும், போறதுக்கு முன்ன நாள் விசாரிக்கணும், மேல மழை பெஞ்சா ஓடைல தண்ணி திடீர்னு வரும், நீங்க நிக்கற எடத்துல வெயிலடிச்சுட்டு இருக்கும்போதே வரும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல அப்படி வந்த வெள்ளத்துலதான் 17 வயசுப் பையன் போயிட்டான். எனக்கு இதுல புரியாதது ஒண்ணு, பிப்ரவரி பாதிக்கு மேல தீ சீசன்னு ட்ரெக்கிங் வழி எல்லாத்தையும் மூடறாங்க, அதே மாசத்துல கோயில் மலைல ஆயிரக்கணக்குல ஜனம் சூடம், தீப்பெட்டி, பீடியோட ஏறுது. காட்டுக்கு பக்தி தெரியுமா என்ன? ஆளை நிறுத்த முடியாதுன்னா பாதுகாப்பாவது பண்ணுங்க.

சரி, நாளைக்கு வேற யாராவது ட்ரிப்னு வந்து பொண்ணு கேட்டா நீங்க பண்ண வேண்டியது. பணம் கட்டறதுக்கு முன்னாடி அனுமதி லெட்டரோட போட்டோ கேளுங்க. அதுல எந்த வழி, எந்த தேதி, எத்தனை பேர்னு இருக்கணும், போற ஆளுங்க லிஸ்ட்ல உங்க பொண்ணு பேர் இருக்கணும். வேற எந்த வருஷத்து லெட்டரையோ தேதிய மறைச்சு அனுப்பறவங்க இருக்காங்க, தேதிய ஜூம் பண்ணிப் பாருங்க. ரேஞ்ச் ஆபீஸ் நம்பர் தேடி எடுத்து ஒரு போன் போடுங்க, கூச்சப்படாதீங்க. அப்புறம் இன்னொரு கேள்வி கேளுங்க, "கடைசில யார் வருவாங்க?" நல்ல குரூப்ல முன்னாடி வழி தெரிஞ்ச ஒருத்தர், கடைசில அனுபவம் உள்ள ஒருத்தர், அவருக்குப் பின்னாடி யாருமே இருக்கக்கூடாது, ஒவ்வொரு பிரிவு வழிலயும் நின்னு தலை எண்ணுவாங்க, மெதுவா நடக்கறவங்க வேகம்தான் மொத்த குரூப் வேகம். இந்தக் கேள்விக்கு முழிச்சாங்கன்னா அங்கயே முடிச்சுக்கோங்க. "என் சொந்த ரிஸ்க்ல வர்றேன்"னு கையெழுத்து வாங்கற பேப்பர் இருக்கே, அது அவங்களைக் காப்பாத்திக்க எழுதினது, பாதுகாப்பு ஏற்பாடுன்னு ஏமாந்துடாதீங்க.

பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிக்குடுக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது, குளிரெடுக்கும். தண்ணி குறைஞ்சது மூணு லிட்டர். பகல் ட்ரெக்னாலும் தலைல மாட்டற ஹெட்லைட் கட்டாயம், செல்போன் டார்ச்ச நம்பக்கூடாது. கழுத்துல ஒரு விசில். வழி தவறினது தெரிஞ்ச உடனே நடக்கறத நிறுத்தி அங்கயே உக்காந்து மூணு மூணு தடவையா ஊதணும், இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்போம்னு போறவங்களைத்தான் தேடறது கஷ்டம். யானைக் காட்டுல காதுல இயர்போன் கூடாது, கிளை முறியற சத்தம்தான் முதல் எச்சரிக்கை. பாம்பு கடிச்சா கட்டு போட்டு இறுக்காம, கீறாம, வாய் வெச்சு உறிஞ்சாம, கடிபட்ட கை காலை அசைக்க விடாம 108க்கு அடிச்சு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போகணும், விஷமுறிவு மருந்து அங்கதான் நிச்சயமா கெடைக்கும்.

அவ கேக்கற மேப், திசைகாட்டி, டென்ட், கயிறு எல்லாம் ஒரு வீக்கெண்ட்ல நாப்பது பேர் கூட்டத்துல வராதும்மா. உத்தரகாசில நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்ல ஹிமாலயன் மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட், இது ரெண்டும் அரசு அமைப்பு, 15 நாள் அட்வென்ச்சர் கோர்ஸ், 28 நாள் அடிப்படை கோர்ஸ் நடத்தறாங்க, சாப்பாடு, தங்கற எடம், சாமான் எல்லாம் சேர்த்து தனியார் ட்ரிப்போட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. சீட் சீக்கிரம் ஃபுல் ஆயிடும், அதனால செமஸ்டர் லீவுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க சொந்த வெப்சைட்ல அப்ளை பண்ணணும், "சீட் வாங்கித்தர்றோம்"னு வர்றவங்களுக்கு அஞ்சு பைசா குடுக்காதீங்க. காலேஜ்ல என்சிசி இருந்தா அங்கயும் கேக்கச் சொல்லுங்க, கேடட்டுங்களுக்கு ட்ரெக்கிங் கேம்ப் வரும்.

அதுவரைக்கும் ட்ரெக் தமிழ்நாட்டுல ஒரு ஈஸி ரூட் புக் பண்ணி நீங்களும் அவளும் சேர்ந்தே போயிட்டு வாங்க. தீ சீசன்ல மூடியிருப்பாங்க, மழைக்கப்புறம் டிசம்பர், ஜனவரி நல்லா இருக்கும். அந்த இன்ஸ்டா பேஜுக்கு அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா ரீஃபண்ட் கேளுங்க, தர மாட்டேன்னா 1930 நம்பர்ல சைபர் கிரைமுக்கு ஒரு புகார் குடுத்துடுங்க, சின்னத் தொகைதானேன்னு விட்டுடாதீங்க.