ஆகஸ்ட் மாதம் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறேன். விரால் பிடிக்க, நீரின் மேல் மிதந்து வரும் செயற்கை இரைகளில் பாப்பர், பென்சில், விசிறி, ரப்பர் தவளை என்று நான்கு வகை இருக்கின்றன. எவற்றைக் கொண்டுவரலாம்?

நீங்கள் நான்கு வகைகளைக் கேட்டிருக்கிறீர்கள்: இழுக்கும்போது குழிந்த வாயால் நீரைத் தெறிக்கவைக்கும் பாப்பர், இரு பக்கமும் தலையாட்டி வரும் பென்சில், தகட்டு விசிறி சுழலும் இரை, உள்ளே வெறுமையான ரப்பர் தவளை. பென்சிலையும் விசிறியையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பாப்பரில் ஒன்று போதும். பெட்டியில் மிச்ச இடம் முழுவதும் தவளைக்குத்தான்.

காரணம் மீனைவிட நீரின் மேற்பரப்பில்தான் அதிகம் இருக்கிறது. ஒன்ராறியோவில் பாஸ் மீனுக்கென்று விற்கும் இரைகளில் பல, திறந்த நீரை நினைத்துச் செய்யப்பட்டவை. வயிற்றிலும் வாலிலும் மும்முனைத் தூண்டில் தொங்கும். எங்கள் குளங்களில் விரால் கிடக்கும் இடம் தாமரையும் அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய இடம். அந்த மும்முனை முள் முதல் வீச்சிலேயே தாமரைத் தண்டில் ஏறிவிடும். அதைப் பிடுங்கும் சத்தத்தில் அந்தப் பக்கத்து மீன் எல்லாம் விலகிவிடும்.

தவளையில் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். இலையின் மேல் ஏறி இறங்கும்போது எளிதில் மாட்டாது. மீன் கவ்வியதும் உடல் நசுங்கி முள் வெளிப்படும். ஆகவே கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அதை அழுத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் முள்முனை வெளியே வந்தால் வாங்கலாம். விறைப்பான ரப்பர் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். விரால் அதைக் கவ்வும், இழுக்கும், துப்பிவிட்டுப் போகும். ஐந்தாறு சென்டிமீட்டர் உடல் எங்கள் மீனுக்கு அளவானது. பின்னால் தொங்கும் ரப்பர் இழைகளைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள், மீன் இழையை மட்டும் பிடித்து இழுப்பது குறையும்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். விரால் கீழிருந்து வானத்தை நோக்கித்தான் இரையைப் பார்க்கிறது. முதுகில் தீட்டிய புள்ளிகள் வாங்குபவரின் கண்ணுக்கானவை. விடியலுக்கும் கலங்கல் நீருக்கும் ஒரு கறுப்பு, தெளிந்த நீருக்கு வயிறு வெளுத்த ஒன்று. எனக்கு அதற்குமேல் தேவைப்பட்டதில்லை.

எடையில் கவனம் வையுங்கள். ஆகஸ்டில் சோளகக் காற்று பலமாக வீசும். எட்டு கிராம் தவளை காற்றை எதிர்த்துப் பறக்காது. பன்னிரண்டு, பதினைந்து கிராமில் ஒன்றிரண்டு இருக்கட்டும். இந்தக் காற்றைச் சாதகமாக்கவும் முடியும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், மிதக்கும் பாசியும் ஆகாயத்தாமரையும் குளத்தின் வடகிழக்கு மூலையில் போய் ஒதுங்கும். அந்த ஒதுக்கின் அடியில் நிழலும் சிறுமீனும் இருக்கும், விராலும் இருக்கும். கனமான தவளையை அங்கே கொண்டுபோங்கள். தென்மேற்குக் கரையில் நின்றால் காற்று முதுகில் இருக்கும், நீரும் அமைதியாக இருக்கும். இலேசான தவளையை அங்கே தூரம் வீசலாம்.

பாசி மூடி மூச்சுத் திணறும் நீரிலும் விரால் வாழ்வதற்குக் காரணம், அது காற்றை நேரடியாகச் சுவாசிப்பது. அதற்காக அது மேலே வந்தே ஆகவேண்டும். ஒரு மெல்லிய வளையம், இரண்டு குமிழி. கண்ணுக்கு அது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குமிழியின் தலையிலேயே தவளையைப் போடாதீர்கள். சற்று அப்பால் போட்டு, இழுத்து நிறுத்தி, மறுபடி இழுத்து அந்த இடத்தைக் கடக்க விடுங்கள். நீர் வெடித்தவுடன் தடியை உயர்த்தவும் கூடாது. விரால் முதல் பாய்ச்சலில் அடிக்கடி தவறும். நூலில் கனம் தெரியும்வரை பொறுத்து, பிறகு முழு வலுவோடு இழுங்கள். பிடிபட்டதும் தலையை மேலே தூக்காவிட்டால் அது நேரே வேருக்குள் நுழைந்துவிடும். இதற்குத் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) ஒத்துவராது, அது நீண்டு கொடுக்கும். நாற்பது பவுண்ட் பின்னல் நூலும் விறைப்பான ஏழடித் தடியும் கொண்டுவாருங்கள். நூலின் நுனியில் இரும்புக் கம்பி தேவையில்லை.

பாப்பர் ஒன்று என்றேன் அல்லவா? துருசுக்கு (குளத்து மதகுக்கு) அருகே தண்டு இல்லாத திறந்த நீர் கிடைத்தால், காற்று எழும்பாத அதிகாலையில் அது நன்றாக வேலை செய்யும். மும்முனை முட்களைக் கழற்றி ஒற்றை முள் மாட்டிக்கொள்ளுங்கள்.

இடம்: குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். ஆகஸ்டில் ஊர்க்குளங்கள் பல வற்றிக் கிடக்கும், விரால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். ஆகவே ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிக்குப் போங்கள்: இரணைமடு, அக்கராயன், கனகாம்பிகைக்குளம். குளத்தில் தொழில் செய்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களின் வலை எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தவளை சிக்கிக்கொண்டால் நூலை அறுத்துவிடுங்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, முழங்கால் நீரில்கூட இறங்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கொத்தாக மேலே வந்து போவதைக் காண்பீர்கள். மழைக்காலத்தில் அதிகம் என்றாலும், நீர் நிற்கும் குளங்களில் மற்ற மாதங்களிலும் தென்படும். அடியில் பெற்ற விரால் காவல் நிற்கும். அந்தக் கொத்தின் மேல் எதைப் போட்டாலும் அது பாயும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டு விலகி வீசுங்கள்.

நீண்ட மூக்குள்ள குறடு ஒன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். விராலின் வாய்க்குள் விரல் விட்டு முள் கழற்ற முடியாது, பல் கூர்மையானது.