1881-இல் பத்துத் தோட்டா சுட முடியுமா?
நண்பரே, 1881 அரிசோனாவில் நடக்கும் உங்கள் கதையில் நாயகன் நிறுத்தாமல் பத்துத் தோட்டா சுடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தாது. அது க்ளாக் 17 என்ற நவீனக் கைத்துப்பாக்கி செய்யும் வேலை. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்தது. மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 17 தோட்டா. சுட்டதும் ஸ்லைடு என்ற மேல்பகுதி பின்வாங்கி, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிவிடும்.

உங்கள் நாயகனிடம் இருப்பதோ கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1873 மாடல் ரிவால்வர். ஒவ்வொரு தடவையும் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். தோட்டா வைக்க ஆறே அறை, துப்பாக்கி தவறி விழுந்தால் வெடித்துவிடும் என்று சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவார்கள். தீர்ந்தபின் பக்கக் கதவைத் திறந்து, காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். அந்த நேரத்தை வெட்டிவிடாதீர்கள், காட்சியின் உயிரே அங்கேதான்! சுற்றிலும் கருமருந்துப் புகை மண்டட்டும்.